ஒரு தடவைக்கு ஒண்ணு

எங்கள் அபார்ட்மெண்டில் யார் வீட்டில் எது நின்றுபோனாலும் மூன்றாவது மாடி அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட கொஞ்ச நேரத்தில், ஏன்டா கூப்பிட்டோம் என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். மறுபடியும் ஏதாவது நிற்கும், மறுபடியும் கூப்பிடுவார்கள்.

சிகந்தராபாத் மாரெட்பள்ளியில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. அக்கா எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தார். பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. வாட்ச்மேனுக்கு மேடம், பிள்ளைகளுக்கு ஆன்ட்டி, எனக்கு அக்கா. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட. சிகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். அவர் பேச்சில் ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழும் இருக்கும், இந்த ஊர் ஹிந்தியும் இருக்கும்; ஆமாம் என்பதற்கு ஹவ், கூடாது என்பதற்கு நக்கோ. ஒரு கம்பெனியில், ஊழியர்களின் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனிலேயே வழி சொல்லிச் சரிசெய்யும் வேலை. பாதி நாள் வீட்டிலிருந்தேதான் வேலை செய்வார் என்பதால் அந்தக் குரல் ஜன்னல் வழியாக எங்கள் சமையலறைக்குள் இறங்கும். ஹலோ எல்லாம் கிடையாது. "ஹவ், சொல்லுங்க. கடைசியா நல்லா ஓடினது எப்போ? அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?"

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் எதையும் தொட மாட்டார். பதில் வந்தபிறகும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார். "ஒரு தடவைக்கு ஒண்ணு. ரெண்டை மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சரியானா போதாதா அக்கா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நக்கோ. தெரியாம சரியானது தெரியாமலே கெட்டும் போகும்" என்றார்.

இது ஏதோ ஆபீஸ் பழக்கம் என்று நினைத்தால் தப்பு. அவர் உடம்பிலேயே ஊறினது அது. அவர் கணவர் லோத்குண்டா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார். அவரே ஒருநாள் படிக்கட்டில் என்னிடம் புலம்பினார். "சட்னி என்னவோ போல இருக்குன்னு சொல்லிட்டேம்மா. உப்பு போட்டா. ருசி பாத்தா. அப்புறம் யோசிச்சா. அப்புறம் புளி. மறுபடி யோசிச்சா. இட்லி ஆறி, எனக்குப் பசியும் ஆறிப்போச்சு." அக்கா மேலேயிருந்து இதைக் கேட்டுவிட்டு, "புளிதான் கம்மியா இருந்துச்சு, இப்போ தெரிஞ்சுபோச்சில்ல" என்று சத்தம் கொடுத்தார்.

டாக்டர்களையும் விட்டுவைத்தவரில்லை. எனக்கு வயிற்று உபாதை வந்தபோது துணைக்கு வந்தவர், டாக்டர் நாலு மாத்திரை எழுதியதைப் பார்த்துவிட்டு, "இதுல எது டாக்டர் கேக்கும்?" என்று கேட்டுவிட்டார். டாக்டர் நாலும் சேர்ந்துதான் கேட்கும் என்றார். அக்கா விடவில்லை. "சேந்து கேட்டா அடுத்த தடவை மறுபடியும் நாலும்தானே சாப்பிடணும்?" அந்த டாக்டர் அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாலே, கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று வாசலை எட்டிப் பார்ப்பார்.

எப்போதும் அவர் ஜெயித்தார் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு கோடையில் தண்ணீர் மோட்டார் நின்றுபோனது. அசோசியேஷன் ஆட்கள் மோட்டார், ஸ்டார்ட்டர், ஒயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதுசாகப் போட்டுவிடலாம் என்றார்கள். அக்கா பம்ப் ரூம் வாசலில் நின்றுகொண்டு, "ஒரு தடவைக்கு ஒண்ணு" என்றுவிட்டார். முதலில் ஒயர். இல்லை. பிறகு ஸ்டார்ட்டர். அதுவும் இல்லை. கடைசியில் மோட்டார்தான் குற்றவாளி. அதற்குள் அபார்ட்மெண்ட் முழுக்க வாளியும் கையுமாக அலைந்தது. முதல் மாடிக்காரர் தெலுங்கில் திட்டினதை இங்கே எழுத முடியாது. அக்கா முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே? "மத்த ரெண்டும் நல்லா இருக்குன்னு இப்போ நமக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் முதல் ஆளாகக் குளித்ததும் அவர்தான்.

இதில் சிரிக்க முடியாத பக்கமும் உண்டு. நாலாவது மாடியில் இருந்த ஒரு அம்மாளின் மகன் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுத் தனியாகப் போய்விட்டான். அந்த அம்மாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடத்தில் உட்கார்ந்து அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், கையைப் பிடித்துக்கொண்டார், எல்லாம் சரி. அப்புறம் நிதானமாகக் கேட்டார், "அவன் கடைசியா உங்ககிட்ட நல்லா பேசினது எப்போ? அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?" அந்த அம்மாள் கையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அழுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கும் கோபம். அக்காவுக்கோ உண்மையாகவே புரியவில்லை. "அழுதா அவன் வருவானா? காரணம் தெரிஞ்சா வருவான்" என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அன்றைக்குக் கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இப்போது அவர் இங்கே இல்லை. கம்பெனி புனேவுக்கு மாற்றிவிட்டது. அந்த வீட்டையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு போகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் அவர் மட்டும் போனார். பிறகு பையன். அப்புறம் கணவர். பீரோ எல்லாருக்கும் கடைசி. ஆனால் நான் அவரை நினைக்கும்போதெல்லாம் முன்னால் வருவது எங்கள் சாப்பாட்டு மேஜையும், அதன்மேல் லோகோவோடு உறைந்து நின்ற என் லேப்டாப்பும்தான்.

அதைச் சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் திருச்சிக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தேன். என் மேஜையில் ஃபைல் தங்காது என்று பெயர். வாயும் அப்படித்தான், யாராக இருந்தாலும் கணக்கு தப்பென்றால் தப்பென்று சொல்லிவிடுவேன். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு எட்டு வருடம் வேலைக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் கட்டிப்போடவில்லை, அதுபாட்டுக்கு நடந்துவிட்டது. நடுவில் நான் வேறொருத்தியாகிவிட்டேன். பால்காரரிடம் பேசக்கூட வார்த்தையைத் தேடினேன். வீட்டில் எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்பேன். 'அவ கொஞ்சம் மந்தம், பாவம்' என்று என் வீட்டுக்காரர் தன் கூடப்பிறந்த அக்காவிடம் போனில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. மந்தம்தான் போலிருக்கிறது என்று நானே நம்பிவிட்டேன்.

அப்படியிருந்தும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு விண்ணப்பித்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஆன்லைனில் இண்டர்வியூ. அவர்கள் கண்முன்னாலேயே ஒரு கணக்கு ஷீட் போட்டுக் காட்ட வேண்டும், அதனால் போனில் சமாளிக்க முடியாது. இது கிடைக்காவிட்டால் இனிமேல் யாரையும் கேட்பதில்லை, நான் இவ்வளவுதான் என்று மூடி வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

தசரா முடிந்த மறுநாள் அது. காலையில் சமையலை முடித்துவிட்டு லேப்டாப்பைப் போட்டேன். லேப்டாப் கம்பெனியின் லோகோ வந்தது. அதோடு சரி, அப்படியே நின்றது. அணைத்துப் போட்டாலும் லோகோ, நிற்கும். இவர் தன்னுடையதை ஆபீசுக்கு எடுத்துப் போயிருந்தார். போன் செய்தால், "கடைக்கு எடுத்துட்டுப் போ, ஃபார்மேட் பண்ணி, டிஸ்க்கையும் மாத்திக் கொடுத்துடுவான்" என்றார். பன்னிரண்டு மணிக்குள்ளா? மேலே ஓடினேன்.

"என்னோடது ஆபீஸ் லேப்டாப், அதுல வெளி மீட்டிங் எதுவும் ஓடாது" என்று சொல்லிக்கொண்டே அக்கா இறங்கி வந்தார். உட்கார்ந்தார். "கடைசியா நல்லா ஓடினது எப்போ?"

"பூஜைக்கு முந்தின நாள்."

"அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல அக்கா. நான் ஒண்ணுமே பண்ணல."

"ஒண்ணும் பண்ணலைங்கறவங்க கையிலதான் எல்லாம் கெட்டுப்போகும்" என்றார். பட்டனை அழுத்திப் பிடித்து முழுக்க அணைத்தார். பக்கவாட்டில் சொருகியிருந்த மவுஸின் சின்னக் குமிழைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டார். லோகோ, நின்றது. குமிழைத் திரும்பச் சொருகினார். அடுத்து, மாமனார் பாட்டு கேட்க வைத்திருந்த பென் டிரைவை எடுத்தார். லோகோ, நின்றது. அதையும் திரும்பச் சொருகினார்.

"எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா பிடுங்கிட்டுப் பாக்கலாமே அக்கா! மணி ஆகுது!"

"கைக்கு? எதுக்கு அவசரம்? குத்தம் பண்ணாததை வெளிய நிக்கவைக்கக் கூடாது" என்றபடி சார்ஜரைக் கழற்றினார். லோகோ, நின்றது. சார்ஜர் திரும்பப் போனது. அப்புறம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பூஜையில இதை என்ன பண்ணீங்க?"

எங்கள் வீட்டு ஆயுத பூஜையை அவர் பார்த்ததில்லை. மாமா, அதாவது என் மாமனார், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கே ஆயுத பூஜை என்றால் ஒவ்வொரு மிஷினையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து அமர்க்களப்படுமாம். அந்த மிஷின்களையெல்லாம் விட்டு வந்த குறையை மாமா வீட்டில் தீர்த்துக்கொள்வார். மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஸ்கூட்டர், தண்ணீர் சுத்தம் பண்ணுகிற பெட்டி வரைக்கும் பொட்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது. மறுநாளோ, தசராவுக்கு இந்த ஊரில் கொடுத்துக்கொள்ளும் ஜம்மி இலையை, நம்ம வன்னி இலையை, எடுத்துக்கொண்டு உறவுக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்விட்டோம். அதனால் நான் லேப்டாப்பை எடுத்து, பொட்டையெல்லாம் துணியால் துடைத்து, போட்டதே இண்டர்வியூ அன்றைக்குக் காலையில்தான்.

பூஜை என்ற பேச்சு காதில் விழுந்ததும் மாமா ரூமிலிருந்து வந்துவிட்டார். "பூஜையினால மிஷின் நிக்குமா? என்னம்மா பேச்சு இது?"

"திறந்து வெச்சா பூஜை பண்ணீங்க அங்கிள்?"

"மூடி வெச்சா அது பொட்டி. திறந்து வெச்சாத்தானே மிஷின்?" என்றார் மாமா. "சர்வீஸ் பூரா லேத்துக்குச் சந்தனம் வெச்சிருக்கேன். ஒரு லேத்து நின்னதில்லை."

"லேத்துக்குக் கீபோர்டு இல்ல அங்கிள்" என்றார் அக்கா.

பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழுத்திக்கொண்டே வந்தார். எல்லாம் அழுத்தினால் இறங்கி, விட்டால் ஏறியது. இடது மூலையில் ஒன்று மட்டும் ஏறவே இல்லை, ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது. என் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, அந்தக் கீயை நெம்பி எடுத்தார். அடியில் மஞ்சளாக, காய்ந்து கல்லாகிப்போன சந்தனம். நான் துடைத்ததில் மேலே இருந்தது போய், உள்ளே இருந்தது நன்றாக இறுகிவிட்டது போலிருக்கிறது. "இது எழுந்திருக்கும்போதே ஒருத்தர் விடாம ஒரு கீயை அமுக்கிட்டே இருந்தா இது என்ன பண்ணும்? என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியாம அப்படியே நிக்கும்" என்றார்.

மாமா எட்டிப் பார்த்தார். "அரைச்சது கொஞ்சம் தண்ணியா போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, தன் சர்க்கரை ஊசிக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டையும் பஞ்சையும் அவராகவே கொண்டுவந்து கொடுத்தார். அக்கா சொட்டுச் சொட்டாகத் தொட்டு, சுரண்டித் துடைத்தார். சுத்தமாக வந்ததும் நான் பவர் பட்டனில் கை வைத்தேன். பட்டென்று ஒரு அடி விழுந்தது என் கையில். "காயட்டும்."

மணி பதினொன்றரை. காயட்டும் என்றால் என்ன செய்வது? நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குப் பொழுது போக வேண்டுமே, என் பக்கம் திரும்பினார்.

"நீ கடைசியா நல்லா ஓடினது எப்போ?"

வேறொரு நாளாக இருந்தால் நானும் மொட்டைமாடி அம்மாள் போல எழுந்து போயிருப்பேன். அன்றைக்குப் பயத்தில் வாய் தானாகப் பதில் சொன்னது. "திருச்சியில. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் ஆபீஸ் போனேன்."

"அதுக்கப்புறம் என்ன மாறுச்சு?"

"கல்யாணம் ஆச்சு."

"அது ஒண்ணுதானா?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். ஊர் மாறியது. வீடு மாறியது. வேலை போனது. தெருவில் பேசுகிற பாஷை மாறியது. காலையில் எழுந்திருக்கிற நேரம், குடிக்கிற காபி, என் பெயருக்குப் பின்னால் போடுகிற எழுத்து, தூங்குகிற பக்கம். எல்லாம் மாறியது. சிநேகிதிகள் ஒருத்தியும் இங்கே இல்லை. சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. மாமா ரூமுக்குப் போகாமல் அங்கேயேதான் நின்றிருந்தார், அதையும் பொருட்படுத்தாமல் சொன்னேன்.

அக்கா தலையைத் தலையை ஆட்டினார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது, ஏதோ ஒரு கத்துக்குட்டி மெக்கானிக்கின் வேலையைப் பார்த்த மாதிரி. "ஒரே நாள்ல இத்தனையும் மாத்துவாங்களா? எல்லாத்தையும் மாத்திட்டு, அப்புறம் பொண்ணு ஏன் நின்னுபோச்சுன்னு கேட்டா எவனுக்குத் தெரியும்? நீ கெட்டுப்போகலைம்மா. உன்னைக் கையாண்ட விதம் தப்பு."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு ஆறுதல் இல்லை, முதுகில் ஒரு தட்டு இல்லை. கீயைத் திரும்பப் பொருத்தினார், இரண்டு தடவை அழுத்தி ஏறுகிறதா என்று பார்த்தார், பட்டனை அமுக்கினார். லோகோ வந்தது. லோகோ போனது. என் பெண் சிரிக்கிற படம் திரை முழுக்க வந்தது. நான் அழுதேன், லேப்டாப்புக்காக இல்லை. எட்டு வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வியை ஒருத்தர் கேட்டு, பதிலையும் பொறுமையாகக் கேட்டுவிட்டார் என்பதற்காக.

"சந்தனம்தான்" என்றார் அக்கா, ரொம்பத் திருப்தியாக. "வேற எதையும் தொடல பாரு. சந்தேகமே இல்ல." எனக்கு ஆல் த பெஸ்ட் சொல்ல மறந்துபோய் மேலே போய்விட்டார்.

இண்டர்வியூவில் மூன்று பேர் இருந்தார்கள். ஷீட்டைக் கொடுத்தார்கள், போட்டேன். விரல்கள் மறக்கவில்லை. அவர்கள் கொடுத்த எண்களிலேயே ஒரு தப்பு இருந்தது, தப்பு என்று சொன்னேன். பிறகு அந்தக் கேள்வி வந்தது. எட்டு வருடம் ஏன் இடைவெளி? குடும்பச் சூழ்நிலை, குழந்தை சின்னது, மன்னிக்கணும் என்று ஒரு பதிலை நான் ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. "கல்யாணமாகி வேற ஊருக்கு வந்ததுல நிறைய விஷயம் ஒரே சமயத்துல மாறிடுச்சு. எனக்கு வேலை மறக்கல. நீங்களே இப்போ பாத்தீங்க" என்றேன். மன்னிப்பு கேட்கவில்லை. என் குரல் எனக்கே பழக்கமான குரலாக இருந்தது.

வேலை கிடைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோசையைப் பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் தீர்மானித்துக்கொண்டிருந்தார். "இனிமே ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சைனிக்புரில வீடு பாத்துடலாம், அமைதியா இருக்கும், அப்பாவுக்கும் நல்லது. பாப்பாவை அங்கேயே ஸ்கூல் மாத்திடலாம். சமையலுக்கு ஒரு ஆள் வெச்சுடலாம். ஸ்கூட்டரைக் கொடுத்துட்டுக் கார் எடுத்துடலாம். உனக்கும் ஈசியா இருக்கும். என்ன சொல்ற?"

மாமா என்னைப் பார்த்தார். பாப்பா "நேனு ஸ்கூல் மாறனு", மாற மாட்டேன் என்று தெலுங்கில் முனகினாள். வழக்கமாக நான் சொல்கிற இரண்டு வார்த்தையை எதிர்பார்த்து இவர் அடுத்த தோசைக்குக் கையை நீட்டினார்.

"இல்லங்க" என்றேன். "இப்போ என் வேலை மட்டும்தான் மாறுது. வீடு, ஸ்கூல், சமையல், ஸ்கூட்டர் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். நான் வேலைக்குப் போய்ப் பழகிக்கிறேன். அப்புறம் ஒவ்வொண்ணா பேசலாம்."

நீட்டின கை அப்படியே நின்றது. பிறகு சிரித்துக்கொண்டே கூரையைக் காட்டினார்.

"மூணாவது மாடி பேசுது!"

"இல்ல" என்று தோசையை அவர் தட்டில் போட்டேன். "ரெண்டாவது மாடிதான் பேசுது."